கடைசி பெஞ்சுக்கு ஒரு கிரீடம்

கேள்வி: டி.வி. நகைச்சுவைத் தொடர்களுக்கு விருது கொடுப்பதால் யாருக்கு லாபம்?

பதில்: சிரிப்பவர்களுக்குத்தான்! பாஸ்டன் நகரத்து பார் ஒன்றில் கூடி அரட்டை அடிப்பவர்களின் கதை, ‘சியர்ஸ்’. அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 1982-ல் தொடங்கியபோது பார்க்க ஆளில்லை. ரேட்டிங்கில் கிட்டத்தட்டக் கடைசி இடம். ஆனால், 1983-ல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது அதற்குத்தான்! சேனலும் பொறுமை காத்தது. விளைவு: 11 சீசன்கள், 117 எம்மி பரிந்துரைகள், 28 விருதுகள். அதிலிருந்து கிளைத்த ‘ஃப்ரேசியர்’, 1994 முதல் 1998 வரை தொடர்ந்து 5 முறை அதே விருதைத் தட்டிச் சென்றது. தாய் எட்டடி, குட்டி பதினாறடி! ரசிகர்கள் வந்து சேரும்வரை நல்ல தொடருக்கு உயிர்த்தண்ணீர் ஊற்றுவதுதான் விருதின் வேலை. அதற்காகவே கொடுக்கலாம், தாராளமாக!