பின்னி மில்லை மூடியது யார்?

பெரம்பூர் டீக்கடையில் பின்னி மில் வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது. சங்கம்தான் மூடியது என்பார் ஒருவர். முதலாளி என்பார் இன்னொருவர். பாலியஸ்டர் என்பார் மூன்றாமவர். ஆனால் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது நம்ம ஏரியாவில் என்று மூவருமே மார்தட்டுவார்கள்.

காக்கித் துணிக்குப் பேர்போன மில் அது. 1921 வேலைநிறுத்தத்தின்போது சுட வந்ததும் காக்கிதான். அந்த வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறிய கதையை எடுத்தால் மட்டும் டீ சட்டென்று ஆறிவிடும், பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவிவிடும். (தொழிலாளர் ஒற்றுமை என்பது ஊர்வலத்துக்கு மட்டும் போலும்.)

1996இல் மில் மூடப்பட்டது. பிறகு சினிமாக்காரர்கள் வந்து சண்டைக்காட்சி எடுத்தார்கள். அங்கே நியாயம் தவறாமல் ஜெயித்தது. இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கேயும் சங்கம் உண்டு, குடியிருப்போர் சங்கம்.