பதினெட்டாமவர்: ஸ்க்ரம் குழுவில் பொறுப்பு யாரிடம் தங்குகிறது என்பது குறித்த ஓர் ஆய்வு

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்னும் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடினார்கள். மென்பொருளை எப்படிச் செய்ய வேண்டும் என்று நான்கு விழுமியங்கள் கொண்ட ஓர் அறிக்கையை எழுதிவிட்டுக் கலைந்தார்கள். அஜைல் என்னும் சமயம் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். ஆய்வாளரை உறுத்துவது அந்த 17 என்னும் எண். சித்தர் பதினெண்மர், மேற்கணக்கு பதினெட்டு, கீழ்க்கணக்கும் பதினெட்டு என்று தொகுத்தே பழகிய மரபு நம்முடையது. எனவே ஸ்னோபேர்டுக்கும் பதினெட்டாவதாக ஒருவர் வந்திருக்க வேண்டும் என்றும், அவர் ஒரு டெலிவரி மேனேஜர் என்றும், வேறொரு கான்ஃபரன்ஸ் காலில் மாட்டிக்கொண்டதால் கையெழுத்துப் போட வரவில்லை என்றும் இக்கட்டுரை கருதுகிறது. அஜைலின் ஒரு கிளையான ஸ்க்ரமின் நூலில் மேனேஜருக்கு இடமே இல்லாததற்கும், மேனேஜர் இல்லாத ஸ்க்ரம் குழு சென்னையில் தேடினாலும் கிடைக்காததற்கும் இந்த ஒரு கருதுகோளே விளக்கமாக அமைந்துவிடுகிறது.

மூலநூல் எது என்பதில் அறிஞரிடையே சண்டை இல்லை. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கைடுதான். ரக்பி ஆட்டத்திலிருந்து உவமையை எடுத்து 1986-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் கட்டுரை எழுதிய டக்கேயுச்சியும் நொனாக்காவும் இதற்கு முன்னோடிகள். கைடின் முதல் பதிப்பு 2010-இல் வந்தது. இப்போது வழக்கில் இருப்பது 2020 நவம்பர்ப் பதிப்பு. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடக்கூடிய சிறுநூல் என்பதால்தான் இதை யாரும் படிப்பதில்லை என்பது என் துணிபு. அது வகுக்கும் குழு மிக எளியது: பிராடக்ட் ஓனர் ஒருவர், ஸ்க்ரம் மாஸ்டர் ஒருவர், மற்றவர் எல்லாம் டெவலப்பர். மொத்தம் பத்துப் பேருக்கு மேல் போகாமல் இருப்பது நலம். உட்குழு கிடையாது, மேல் கீழ் கிடையாது. டெஸ்டர் என்று தனி இனமும் கிடையாது. பொருளைச் செய்து முடிக்க உழைக்கும் எவரும் டெவலப்பரே.

இனி களம். ஆய்வுப் பரப்பு மத்திய கைலாஷ் சிக்னலில் தொடங்கி சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. ஆய்வு முறைகள் இரண்டு: கேன்டீனில் பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்டல், மியூட் போட மறந்தவர்களை மறவாமல் கேட்டல்.

பிராடக்ட் ஓனர் ஓர் ஆளாக இருக்க வேண்டும், கமிட்டியாக இருக்கக் கூடாது என்கிறது மூலநூல். கள வழக்கில் அவர் நியூஜெர்சியில் இருப்பார். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதை ஊகித்துச் சொல்ல இங்கே ஒரு பிசினஸ் அனலிஸ்ட் இருப்பார். அந்த ஊகத்தைச் சரிபார்க்க ஆன்சைட்டில் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். இந்த மூவரும் கமிட்டி ஆக மாட்டார்கள். ஏனென்றால் கமிட்டி என்றால் கூடிப் பேச வேண்டும். தினசரிக் கூட்டம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்கட்டும் என்றும் மூலநூல் சொல்கிறது. நியூஜெர்சியின் காலை 9.30 நமக்குக் கோடையில் இரவு 7 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் அதே கூட்டம் இரவு 8-க்குப் போய்விடும். அங்கே நேரம் மாறவில்லை, இங்கே கடைசி கேப் மட்டும் போய்விடுகிறது.

ஸ்க்ரம் மாஸ்டர் குழுவின் வழியில் கிடக்கும் தடைகளை அகற்றுபவர் என்பது நூல். பெரும்பாலும் இரண்டு நாள் வகுப்பும் ஒரு தேர்வும் முடித்துச் சான்றிதழ் பெற்றிருப்பார். களத்தில் அவர் ஸ்கிரீன் ஷேர் செய்பவர். "என் ஸ்கிரீன் தெரியுதா?" என்பது அவருக்கு உரிய மந்திரம். இவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை.

ஆய்வின் மையச் சான்றுக்கு வருவோம். பாஸ்வேர்டு மறந்தவருக்குப் போகும் மெயிலில் கம்பெனி லோகோ இடம் தவறித் தெரிகிறது. இதைச் சரிசெய்ய ஒரு டிக்கெட். மூன்று ஸ்டோரி பாயின்ட். (வேலையின் அளவுக்கு ஸ்டோரி பாயின்ட் போடும் பிளானிங் போக்கரை 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் கொண்டுவந்தார். ஒருவர் எண் மற்றவரை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாரும் சீட்டை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும் என்பது விதி. இங்கே சாட்டில் லீட் '3' என்று டைப் செய்யும்வரை எவரும் கீபோர்டைத் தொடுவதில்லை. செய்ததும் எட்டு மூன்றுகள் வரிசையாக வந்து விழும்.) தினசரிக் கூட்டத்தில் பதிவான உரையாடல் இது:

"தம்பி, அந்த லோகோ டிக்கெட் என்னாச்சு?"

"ஆல்மோஸ்ட் டன் ஜி."

"ஆல்மோஸ்ட்னா?"

"என் மெஷின்ல கரெக்டா வருது. அவுட்லுக்ல மட்டும் பெருசா தெரியுது."

"பிளாக்கர் ஏதாச்சும்?"

"பிளாக்கர்னு இல்ல ஜி. டிசைன் டீம்கிட்ட புது ஃபைல் கேட்டிருக்கேன்."

"அப்ப டிபென்டென்ஸின்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோங்க ஜி."

இந்த எட்டு வரியில் நடந்ததை உரையாசிரியர் போலப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வரியில் டிக்கெட் ஒரு தம்பியின் கையில் இருந்தது. கடைசி வரியில் அது அந்தக் காலிலேயே இல்லாத ஒரு டீமின் கைக்குப் போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் வேலையும் செய்யவில்லை. டிக்கெட்டுகளைக் கண்காணிக்கும் ஜிராவில் நிறம் மட்டும் மாறியது. மூலநூல்படி இந்தக் கூட்டம் டெவலப்பர்கள் தங்களுக்குள் 15 நிமிடத்தில் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்கானது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற பழைய மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பு எடுத்தே விட்டது. களத்தில் அந்த மூன்றும் சேர்ந்து 'எப்ப முடியும்' என்ற ஒன்றாகிவிட்டன என்பதால் நமக்கு அதில் நட்டம் இல்லை.

இங்கேதான் பதினெட்டாமவர் மியூட்டை எடுக்கிறார். "கய்ஸ், ஒரு நிமிஷம்." அந்த ஒரு நிமிஷத்தில் லோகோவுக்கு ஈடிஏ, அதாவது எப்போது முடியும் என்ற தேதி, கேட்கப்படும், க்ளையன்டுக்கு ஏற்கனவே வியாழக்கிழமை என்று சொல்லியாகிவிட்டது தெரியவரும், "வேணும்னா ஒரு ரிசோர்ஸ் ஏத்திடலாம்" என்ற அருள்வாக்கும் வரும். தாமதமான புராஜெக்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பட்டறிந்த ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆளின் நேரம் போகும். பேச வேண்டிய ஜோடிகளும் பெருகும். ஐந்து பேருக்குள் பத்து ஜோடி. பத்துப் பேருக்குள் 45. இந்தக் கணக்கு எந்த மேனேஜருக்கும் தெரியாததல்ல. ஆனால் ஆள் ஏற்றினேன் என்று மேலே சொல்ல முடியும். ஆள் ஏற்றாமல் பொறுமையாக இருந்தேன் என்று எந்த ஸ்லைடிலும் போட முடியாது.

ஸ்க்ரம் உலகில் பழைய கதை ஒன்று உண்டு. ஹோட்டல் போடலாம் வா என்று கோழி பன்றியைக் கூப்பிட்டதாம். என்ன விற்பது என்றது பன்றி. முட்டையும் பன்றிக்கறியும் என்றது கோழி. நீ முட்டையோடு போய்விடுவாய், உயிரைக் கொடுக்க வேண்டியது நானல்லவா என்று பன்றி விலகிக்கொண்டது. இதை வைத்து வேலை செய்பவரைப் பன்றி என்றும் வேடிக்கை பார்ப்பவரைக் கோழி என்றும் சொல்லிவந்தார்கள். 2011-இல் கைடு இதைக் கைவிட்டது. யாரையும் பன்றி என்று சொல்வது நாகரிகம் இல்லை என்பது பொதுக் கருத்து. கோழிகள் எண்ணிக்கையில் கூடிவிட்டது காரணம் என்பது எனது.

மேனேஜரை இடைச்செருகல் என்று தள்ளிவிட்டால் நூல் தூய்மையாகிவிடும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். பெரும்பாலும் அண்மையில் சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பிரின்ட் என்னும் வேலைச் சுற்று ஒவ்வொன்றிலும் பயனுள்ள ஒன்றைத் தருவதற்கு மொத்தக் குழுவும் சேர்ந்து பொறுப்பு என்கிறது மூலநூல். ஆனால் க்ளையன்டோடு ஒப்பந்தம் போட்டிருப்பது கம்பெனி. இரவு 11 மணிக்கு புரொடக்‌ஷன் படுத்துவிட்டால் மணி அடிப்பது ஒரு மேனேஜரின் போனில். அதைவிட முக்கியமான சான்று அப்ரைசல். பொறுப்பைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு மார்க்கைத் தனித்தனி ஆளுக்குப் போட்டால் என்ன ஆகும்? முடிந்த வேலையில் எல்லாருக்கும் பங்கு வேண்டும். முடியாத வேலையில் யார் பெயரும் இருக்கக் கூடாது. டிபென்டென்ஸி என்ற நிறம் எதற்காகப் படைக்கப்பட்டது என்பது இப்போது புரியும். ஆகவே களத்தில் பாத்திரங்களைப் பிரிப்பது 'யார் எதைச் செய்வது' என்பதல்ல. 'ஏன் முடியல' என்று கேட்டால் யார் யாருக்குப் பதில் சொல்வது என்பதே. ஃப்ரெஷர் லீடுக்கு, லீட் மேனேஜருக்கு, மேனேஜர் க்ளையன்டுக்கு. ஸ்க்ரம் கைடு ஒழித்துவிட்டதாக நினைத்த ஏணி, பதில் சொல்லும் ஏணியாக அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

லோகோ டிக்கெட் அந்த ஸ்பிரின்டில் முடியாமல் ஸ்பில் ஓவர் ஆனது. டிசைன் டீமிலிருந்து புது ஃபைல் வந்தது. அப்போதும் லோகோ பெரிதாகவே தெரிந்தது. காரணம் ஃபைலில் இல்லை. விண்டோஸில் ஓடும் கிளாசிக் அவுட்லுக் 2007 பதிப்பிலிருந்து மெயிலை வரைய வேர்டின் எந்திரத்தைப் பயன்படுத்துகிறது. சிஎஸ்எஸ்ஸில் எழுதிய அகலத்தை அது படத்துக்கு மதிக்காது. ஹெச்டிஎம்எல்லில் படக் குறியிலேயே அகலத்தை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம். இது டெஸ்டருக்கு முதல் நாளே தெரியும். முந்தைய புராஜெக்டில் இதே தலைவலியைப் பார்த்தவர் அவர். ஏம்மா சொல்லவில்லை என்று, ஸ்பிரின்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவில் கேட்டபோது, "டெஸ்டிங் எப்ப முடியும்னுதானே ஜி கேட்டீங்க. இது டெவ் வேலையாச்சே" என்றார். டெஸ்டர் என்று தனி இனம் இல்லை என்ற விதி அவருக்கு யாரும் சொல்லாதது.

ஒரு மாத ஸ்பிரின்டுக்கு ரெட்ரோ மூன்று மணி நேரம்வரை போகலாம் என்பது நூல். இங்கே வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம்; அதில் பத்து நிமிடம் ஆடியோ சரியாக்கப் போகும். "தெரிஞ்ச விஷயத்தை டீமோட உடனே ஷேர் பண்ணணும்" என்று ஆக்‌ஷன் ஐட்டம் எழுதப்பட்டது. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் யார் பெயர் போடுவது என்று ஸ்க்ரம் மாஸ்டர் கேட்டார். யாரும் மியூட்டை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'டீம்' என்று டைப் செய்தார். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். மேனேஜர் மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்: "சூப்பர் கய்ஸ். அப்படியே பக்கத்துல ஒரு ஈடிஏ போட்டுடுங்க."