பெல்லுக்குப் பொறுப்பில்லை

சர்க்கரை வந்தவனை டாக்டர் நடக்கச் சொல்வார். அவனுக்கு பெங்களூரில் ஒரு மகனும் இருந்துவிட்டால் வீட்டுக்கு கியர் சைக்கிள் வந்து இறங்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. விலையைக் கேட்ட நாள் முதல், அதில் ஏறி மிதிப்பதைவிட அதைக் காவல் காப்பதுதான் என் உடற்பயிற்சி. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் சந்தில் வீட்டு வாசல் என்பது பாதி தெருவுக்குச் சொந்தம். போகிறவர் வருகிறவரெல்லாம் கியரைத் திருகிப் பார்த்து, "எத்ரயாயி சாரே?" என்று விலை விசாரித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

"இன்சூர் பண்ணிடுங்கப்பா" என்றான் மகன், போனில்.

"வராகமூர்த்தி காலடியில் இருந்துகொண்டு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் மனைவி. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பூமியையே பாயாகச் சுருட்டிக்கொண்டு கடலடியில் ஒளிந்த இரணியாட்சனைத் தேடிப் பிடித்து, களவு போன பொருளைச் சேதமில்லாமல் மீட்டு வந்தவர் எங்கள் தெருப்பெருமாள். எஃப்.ஐ.ஆர். கேட்கவில்லை, வாங்கிய பில் கேட்கவில்லை, தேய்மானம் கழிக்கவில்லை. ஆனால் பூமி ஒன்றுதான் இருந்தது, அடையாளம் காண்பது சுலபம். சைக்கிள்கள் நிறைய.

இந்த ஊரில் சைக்கிளின் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் ஏறியது. அந்தக் காலத்துத் தும்பாவில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் எடுத்த படம் உலகப் பிரசித்தம். அதைப் பார்க்கும்போதெல்லாம் முன்பு எனக்கு நாட்டுப்பற்று வரும். இப்போது, கேரியரில் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்சூரன்ஸ் பற்றி யோசிக்கத் தொடங்கியவனின் கண் அப்படித்தான் போகும்.

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்து போகும் ஏஜெண்ட் ஒருவரை மனைவியின் தம்பி அனுப்பிவைத்தான். வந்ததும் சட்டத்தில் ஆரம்பித்தார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு மோட்டார் வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிளுக்கு மோட்டார் இல்லை. ஆகையால் சட்டத்துக்கு அது கண்ணிலேயே படாது. "அதுக்காக உங்க ஆசையை ஆரும் தடுக்கல, அண்ணாச்சி" என்றார். சைக்கிளுக்கென்றே தனியாக விற்பவர்களும் உண்டாம். அவர் சிபாரிசு செய்தது வீட்டுக்கான பொதுப் பாலிசி. தீ, திருட்டு, நகை, கண்ணாடி ஜன்னல், டி.வி. என்று வரிசையாகப் போகும் அதில், ஓர் ஓரத்தில் 'பெடல் சைக்கிள்' என்று ஒரு பிரிவு. கல்யாண வீட்டில் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வந்து உட்கார்ந்திருக்கும் தூரத்து உறவு மாதிரி அது இருந்தது.

விலாசம், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, "பிரேம் நம்பர்?" என்றார். அது பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும். படிக்க சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வாசலில் கவிழ்த்தோம். "எந்தா சாரே, பஞ்சராணோ?" என்று நால்வர் கூடினார்கள். ஒருவர் டார்ச் அடித்தார், ஒருவர் எண்ணைச் சத்தமாக வாசித்தார். இனி என் சைக்கிளின் அந்தரங்கம் தெருவுக்கே மனப்பாடம்.

சின்ன எழுத்தில் இருந்ததை நான் கண்ணாடி மாற்றிப் படித்தேன். வெள்ளம், கலவரம், இடி எல்லாம் உண்டு. துரு கிடையாது. சங்குமுகத்துக் கடற்காற்று இங்கே ஜன்னல் கம்பியைத் தின்று ஏப்பம் விடும் ஊரில், இடியை நம்பி நான் என்ன செய்ய? பந்தயத்துக்குப் போனால் இல்லை. என் முழங்கால் அதற்கு உத்தரவாதம். வாடகைக்கு விட்டாலும் இல்லை. அடுத்ததுதான் ரத்தினம்: பெல், லைட் போன்ற உபரிகள் களவு போனால், கூடவே சைக்கிளும் களவு போயிருந்தால்தான் பணம்.

"அப்ப பெல்லை மட்டும் கழற்றிக்கொண்டு போனால்?"

"அவன் முழுசாக் களவாண்டாத்தான் நமக்குக் களவு, கேட்டியளா."

அந்தக் காலத்து வாடகை சைக்கிள் கடைக்காரர்கள் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். நோட்டில் பெயர், நேரம், அப்பா பெயர். அப்பா பெயர்தான் பிரீமியம். மட்கார்டு நெளிந்து வந்தால் சாயங்காலமே க்ளெய்ம் நேரே அப்பாவிடம் போய் செட்டில் ஆகிவிடும். நகராட்சிகள் ஒரு காலத்தில் சைக்கிளுக்குத் தகர வில்லை மாட்டி வரி வாங்கின. சுவிட்சர்லாந்திலும் 2011 முடிய ஒரு ஸ்டிக்கர் கட்டாயமாக இருந்தது. ஆனால் அது மூன்றாம் நபர் காப்பீடு. நம் வில்லையால் யாருக்கும் காப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

என் பாலிசியிலும் இருந்த, இடிபட்டவருக்கான அந்தக் காப்பை நான் முதலில் பக்கம் திருப்பிவிட்டுத்தான் போனேன். மிதிவண்டி யாரை என்ன செய்துவிடும்? ஏஜெண்ட் ஜப்பானைக் கொண்டுவந்தார். கோபே நகரில் சைக்கிளில் வந்த ஒரு பள்ளிச் சிறுவன் மோதி நடந்துபோன பெண்மணி நினைவு தப்பிப் படுக்கையில் விழுந்தார். 2013-இல் நீதிமன்றம் சிறுவனின் தாயார் சுமார் 9.5 கோடி யென் தரவேண்டும் என்றது. 2015-இல் கோபே இருக்கும் ஹியோகோ மாகாணமே சைக்கிள் காப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. காலையில் எங்கள் குளக்கரையில் கைவீசி நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகளை நினைத்துப் பார்த்தேன். யாரும் ஓரமாகப் போகிறவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு யென் தேறுவார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. கையெழுத்துப் போட்டேன்.

ரசீதில் ஒரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சைக்கிள் தொலைந்துபோகுமோ என்ற பயத்துக்கு மட்டும் இன்னும் 18 சதவீதம்.

பாலிசி எடுத்த அதே மாதம் பெல் போயிற்று. சைக்கிள் பூட்டியபடி நின்றது, துடைத்து வைத்தமாதிரி. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி, ஐயாயிரத்துக்குக் குறைந்த களவு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. "குளத்துப் படியில் பாசி சுரண்டச் சொல்லலாம்" என்றாள் மனைவி. திருடன் பாசி சுரண்ட வருவதாகத் தெரியவில்லை. ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

"பெல்லுக்கு இல்ல, அண்ணாச்சி. அன்னைக்கே சொன்னேம்லா."

"சரி. பெல் இல்லாமல் போய் யார்மேலாவது இடித்தால்?"

குரலே மலர்ந்துவிட்டது. "அதுக்குத் தாராளமா உண்டு அண்ணாச்சி. தைரியமாப் போங்க."