மெர்டேக்கா அரங்கம் ஆடிய ஆட்டங்கள்

கேள்வி: கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் கால்பந்துக்காகத்தான் கட்டப்பட்டதா? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: பந்துக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்தது நாடு. 1957 ஆகஸ்டு 31 அன்று துங்கு அப்துல் ரகுமான் மலாயாவின் விடுதலையை அறிவிப்பதற்கென்றே, கட்டடக் கலைஞர் ஸ்டான்லி ஜூக்ஸின் வடிவமைப்பில் எழுப்பப்பட்ட இவ்வரங்கம், அதற்கு முந்தைய நாள்தான் திறக்கப்பட்டது. கடைசி நேரத்தில் வேலையை முடிக்கும் கலை அன்றே வளர்ந்திருந்தது போலும். அதே ஆண்டில் தொடங்கிய மெர்டேக்கா கிண்ணம், அதாவது ஆசிய அணிகளை அழைத்து நடத்தப்பட்ட கால்பந்துத் தொடர், அரங்கின் பெயரைக் கண்டமெங்கும் பரப்பியது. ஆயினும் 1975ஆம் ஆண்டு கால்பந்துக்கு உரியதன்று: மார்ச்சில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கிண்ண ஹாக்கிப் பட்டத்தை இங்குதான் பெற்றது, ஜூலையில் முகமது அலி, ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுகள் குத்திப் புள்ளிகளால் வென்றார். 1996இல் மைக்கேல் ஜாக்சனும் வந்து பாடிச் சென்றார். 1998இல் காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் எழுந்தபின் பெரிய ஆட்டங்கள் அங்கே குடிபெயர்ந்தன. மெர்டேக்காவோ 2003இல் மரபுச் சின்னமாக, அதாவது சட்டத்தால் காக்கப்படும் கட்டடமாக, அறிவிக்கப்பட்டு, மெர்டேக்கா 118 கோபுரத்தின் காலடியில் ஓய்வூதியம் பெறுகிறது.