தெம்பியல்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்து உடல் ஏற்ற இறக்கம் குறித்த ஆய்வு

தெம்பியல் என்பது ஒரு நாளில் மனிதனுக்கு எந்த வேளையில் தெம்பு ஏறுகிறது, எந்த வேளையில் இறங்குகிறது என்று கண்டு, அதற்கேற்ப வேலையையும் உடற்பயிற்சியையும் வரிசைப்படுத்தும் துறை. தெம்பாவது, செய்ய வேண்டிய வேலை கண்ணில் படாதபோது உடலில் தோன்றும் ஊக்கம். இவ்வரையறையை மறுப்பாரும் உளர். அவர்கள் வேலையாக இருந்தமையால் மறுப்பின் விவரம் கிடைக்கவில்லை. ஆய்வெல்லை வடக்கே தென்பெண்ணை, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல். மேற்கெல்லை பேருந்துக் கட்டணம் கருதி நெய்வேலியோடு நிறுத்தப்பட்டது.

உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பது புதுச் செய்தி அன்று. 1729இல் பிரான்சைச் சேர்ந்த தெ மைரான் தொட்டாற்சுருங்கி போன்றதொரு செடியை இருட்டில் வைத்தார். வெயில் படாமலே அது வேளை தவறாமல் இலையை விரித்து மூடியது. 1938இல் நத்தானியேல் கிளைட்மன் தம் மாணவர் ஒருவரோடு அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார். மாணவர் உடல் புதுக் கணக்குக்கு இணங்கியது. ஆசிரியர் உடல் இணங்கவில்லை. (பேராசிரியர்கள் புதுக் கணக்குக்கு இணங்காமை எந்த நாட்டுக்கும் பொது என்பது இதனால் பெறப்படும்.) மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடம் இதே கடிகாரத்தைத் தேடினார். பழ ஈக்களில் அதன் பொறியமைப்பைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை அனைத்தும் முன்பே தொல்காப்பியத்தில் உள்ளன என்று சொல்லாத கட்டுரை தமிழில் கரையேறுவதில்லை. ஆகவே இங்கும் சொல்லப்படுகிறது. பழந்தமிழர் நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவை ஐந்தா ஆறா என்பதில் வழக்குண்டு. நெய்தலுக்குரிய எற்பாடு ஞாயிறு மறையும் நேரமா, தோன்றும் நேரமா என்பதில் அதைவிடப் பெரிய வழக்குண்டு. எல் என்றால் ஞாயிறு. படுதல் என்றால் வீழ்தலும் ஆகும், தோன்றலும் ஆகும். இரு தரப்பாரும் கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு ஒரு நாள் வந்து நின்றிருந்தால், கடலில் சூரியன் உதிப்பதையும், மாலையில் அது முதுகுப் பக்கம் ஊருக்குள் இறங்கிவிடுவதையும் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு விடியலில் எழ வேண்டும். உரை எழுதும் வழக்கமோ இரவில் நெடுநேரம் விளக்கேற்றி வைத்திருப்பது. வழக்கு இன்றளவும் தீராமைக்கு இதுவே காரணம் என்க.

இனி அளவை. தெம்பை எதனால் அளப்பது? மணி, நிமிடம் என்பன வெள்ளையர் வழக்கு. நாழிகை 24 நிமிடம் என்பது பாடநூல் அறிவு. இவ்வாய்வு சிதம்பரத்துக்கே உரிய ஓர் அலகைக் கையாளுகிறது. நடராசர் கோயில் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேயப்பட்டுள்ளன என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும் கோயில் மரபு கூறும். எனவே ஒரு நிமிடம் 15 ஓடு. ஒரு நாழிகை 360 ஓடு. ஒரு மணி நேரம் 900 ஓடு. காலத்தை ஓட்டால் அளப்பதா என்று நகைப்பவர் கடலூர் வரலாறு அறியாதவர். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு மராட்டியர் விற்றபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை நிலமும் சேர்ந்தே போயிற்று; அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். நிலத்தைக் குண்டால் அளந்த மாவட்டத்தில் மூச்சை ஓட்டால் அளப்பது முறையே.

உறங்கும்போது மூச்சு மெதுவாகும். ஆகவே உறக்கத்தின் ஓடு விழிப்பின் ஓட்டைவிட நீளம் அன்றோ எனின், ஆம். மதிய உறக்கத்தின் இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாக நீள்வது இதனாலேயே.

அளவை சொன்ன பின் பிழைத்திருத்தம் சொல்ல வேண்டும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. தில்லை எனப்படும் சிதம்பரமோ 79 பாகை 41 கலையில் உள்ளது. காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் ஏறத்தாழ ஒரே ரேகையில் நிற்பதைக் கைப்பேசியில் வியந்து அனுப்புவோர் பல்லாயிரவர். அந்த ரேகை தம் மதியச் சோற்றைப் பாதிப்பதை அவருள் ஒருவரும் கண்டிலர். பாகைக்கு 4 நிமிடமாக, தில்லையின் சூரியன் அரசாங்கக் கடிகாரத்துக்கு ஏறத்தாழ 11 நிமிடம், அதாவது 165 ஓடு, பின்தங்கி வருகிறது. சிதம்பரத்து அலுவலர் ஒருவர் பத்து மணிக்கு வர வேண்டியவர் பத்து பதினொன்றுக்கு வந்தால், அவர் காலந்தவறியவர் அல்லர், வானியல்படி வந்தவர். (சான்று: கீழ வீதித் தேநீர்க் கடை, இடப்புற பெஞ்சு, மூன்றாம் இருக்கை.) அவர் பதினொன்றரைக்கு வந்தால் எங்ஙனம் எனின், எஞ்சிய நிமிடங்களுக்கு வேறு ரேகை தேடப்பட்டு வருகிறது.

ராகுகாலமும் இங்கே ஆராயத்தக்கது. அது ஒன்றரை மணி நேரம். கிளைட்மன் பின்னாளில், உடல் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு கருத்தை முன்வைத்தார். ஒன்றரை மணி, 90 நிமிடம்: இரண்டும் ஒன்றே. இது தற்செயல் என்று சொல்பவருக்கு ஆய்வுப் பட்டம் கிடைப்பதரிது. புதன் 12 முதல் 1.30 வரை, வியாழன் 1.30 முதல் 3 வரை ராகுகாலம் உண்டமயக்கத்தோடு சரியாகப் பொருந்துகிறது. மற்ற ஐந்து நாட்களும் விதிவிலக்குகள்.

இனிப் பொழுதுவாரியாகக் காண்போம்.

வைகறை. மனித உடலின் வெப்பம் மிகத் தாழ்வது பின்னிரவு நான்கு, ஐந்து மணியளவில். அந்நேரம் கண்ணும் கையும் ஒத்துழையா. உடல் எந்த வேலைக்கும் ஆகாது என்பது தெம்பியலின் முதல் விதி. அந்நேரத்தில்தான் சோனாங்குப்பம், தாழங்குடா, தேவனாம்பட்டினம் ஊர்களில் ஃபைபர் படகைத் தண்ணீரில் தள்ளித் தொழிலுக்குப் போகிறார்கள். இரவு முழுதும் கரை குளிர்ந்து காற்று கடலை நோக்கி வீசும். பாய் கட்டிய காலத்தில் அந்தக் காற்றே படகைக் கொண்டுபோயிற்று. வெயில் ஏறியபின் காற்று திரும்பிப் படகைக் கரை சேர்த்தது. இன்று இன்ஜின் வந்துவிட்டது. புறப்படும் நேரம் மட்டும் மாறவில்லை, காலை ஏலத்துக்கு மீன் வந்தாக வேண்டும் என்பதால். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்க்கும் இதே நேரம் விழித்திருக்கும் நேரம். தெம்பியல் நூல்கள் இவ்விரு சாராரையும் குறிப்பிடுவதில்லை. அட்டவணை போட அவர்களை யாரும் கேட்டதில்லை.

விடியல். சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளிலும், கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் வெள்ளிக் கடற்கரையிலும் நடப்பவர் தொகை மிகும். நடப்பவர் இருவகையர்: டாக்டர் சொன்னவர், டாக்டர் சொல்லப் போகிறார் என்று அஞ்சியவர்.

முற்பகல். மூளை மிகக் கூர்மையாக இருக்கும் வேளை. அலுவலகங்களில் இவ்வேளை தேநீருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

நண்பகல். இதுவே தெம்பியலின் இதயம். இதற்கு மூலநூல் ஒரு பழமொழி: ‘உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு’. இதன் பாடவேறுபாடுகளை ஒழுங்காகத் தொகுத்தவர் இதுவரை இல்லை. ‘மயக்கம்’ என்ற இடத்தில் ‘களை’ என்பது ஒரு பாடம். களை என்பது சோர்வு; மயக்கம் என்பது அறிவு தடுமாறல். எனவே களைப் பாடத்தார் சாய்ந்து அமர்வர். மயக்கப் பாடத்தார் படுத்தே விடுவர். கடலூரில் களைப் பாடமும் சிதம்பரத்தில் மயக்கப் பாடமும் வழங்குவதாக மஞ்சக்குப்பத்து முடிதிருத்தும் கடையொன்றில் வாய்மொழிச் சான்று உண்டு. கேட்டவர் அப்போது தலை குனிந்திருந்தமையால் சொன்னவர் முகம் தெரியவில்லை.

இதைவிடச் சிக்கலானது ‘தொண்டர்’. இவ்விடத்தில் ‘தொண்டைமான்’ என்பாரும் உளர். அரசனுக்கே சோறு தின்றால் தூக்கம் வருமென்றால் ஏனையோருக்குக் கேட்பானேன் என்பது அவர் கருத்து. நடுநாட்டுக் கடலூரார் இப்பாடத்தை ஏற்க இயலாது. தொண்டைமான் தொண்டை நாட்டுக்கு உரியவன். அவன் உறக்கம் தென்பெண்ணைக்குத் தெற்கே செல்லுபடியாகாது. தில்லையாரோ ‘தொண்டர்’ பாடத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். திருத்தொண்டர் புராணம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபம் அவர் ஊரில் உள்ளது. அங்கே அமர்ந்து கேட்ட அடியார்களில் சிலரேனும் சோறுண்டு வந்திருப்பர். இவர்க்கு மறுப்பு: தொண்டருள் தலையாய அப்பர், கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர், கையில் உழவாரப்படையோடு கோயில்தோறும் புல் செதுக்கியவர், அவருக்கு உறக்கம் சொல்வது தகாது. மறுப்புக்கு மறுப்பு, அவர் செதுக்கியது காலையில் என்பது. இம்மறுப்பு, பெயர் தெரியாத ஓர் உரைகாரரின் கிடைக்காத உரைக்கு எழுதப்படாத விளக்கத்தின் பதினான்காம் அடிக்குறிப்பில் இருந்தது. அவ்வேட்டைக் கரையான் தின்றுவிட்டது. கரையானை நேரில் பார்த்தவரின் சம்பந்தி புவனகிரிப் பேருந்தில் கூறியதைப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் குறித்துக்கொண்டார். குறித்த தாளில் இப்போது வேர்க்கடலை மடிக்கப்பட்டிருக்கிறது. கடலை தீர்ந்ததும் பாடம் பதிப்பிக்கப்படும்.

இவ்வளவு பெரிய வழக்கை அறிவியல் ஒரே அடியில் கெடுத்துவிட்டது. பிற்பகலில் வரும் சரிவு சோறு உண்ணாதவர்க்கும் வருகிறது. உடற்கடிகாரமே அந்நேரத்தில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்குகிறது. கூடவே காலை முதல் மூளையில் சேர்ந்துவந்த அடினோசின் கண்ணை அழுத்துகிறது. வயிறு நிறைய உண்டால் பள்ளம் ஆழமாகும், அவ்வளவே. கத்தரிக்காய் கொத்சு ஊற்றிய சம்பா சாதத்தின் பங்கு இதில் துணைமைதான், முதன்மை அன்று. எனவே பழமொழியில் ‘உண்ட’ என்ற சொல்லே இடைச்செருகல் எனல் வேண்டும். அதை நீக்கினால் ‘மயக்கம் தொண்டருக்கும் உண்டு’ என்று எஞ்சும். இது தூய பாடம்.

பகலுறக்கத்தை எதிர்த்தவரும் இம்மாவட்டத்தவரே. வடலூரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமசாலையை நிறுவி, வந்தவர்க்கெல்லாம் சோறிட ஏற்பாடு செய்தார். அவரே நித்திய கரும விதி என்னும் ஒழுக்கக் குறிப்பில் சூரியன் உதிக்கும் முன் எழச் சொல்லிப் பகலில் உறங்கலாகாது என்றும் விதித்தார். சோற்றையும் கொடுத்துத் தூக்கத்தையும் தடுத்த இந்த ஏற்பாட்டுக்கு நிகரான கடும் பயிற்சி இன்றைய ஜிம் எதிலும் இல்லை. அவருக்கு எதிர்த்தரப்பாக நிற்பது நடராசர் கோயில்: உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நடை சாத்தினால் மறுபடி திறப்பது சாயங்காலம்தான்.

ஆய்வுக் கருத்தரங்குகளில் உணவுக்குப் பிந்தைய அமர்வு தனிக் கவனம் பெறும். அவ்வமர்வில் தலைவர் கண்மூடி இருப்பது ஆழ்ந்து கேட்டல் எனப்படும். தலை முன்னே சாய்வது உடன்பாடு. திடுக்கிட்டு நிமிர்வது வினா. ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவரே தம் நான்காம் பக்கத்தில் அமைதியானார். அரங்கில் யாரும் அதைக் கவனிக்காமையால் கட்டுரை நிறைவுற்றதாகக் கொண்டு சான்றிதழ் வழங்கப்பட்டது.

பிற்பகல். கடற்காற்று கடலூருக்கு முதலில் வரும், உள்ளே தள்ளியிருக்கும் சிதம்பரத்துக்குப் பிறகு வரும். கடலூரார் முந்தி எழுவர். இந்நேரம் குடிக்கும் காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு மணிக் காபி ஒன்பது மணிக்கும் உடம்பில் பாதி இருக்கும்.

மாலை. உடல் வெப்பம் உச்சம் தொடும், தசை முறுகும், மூட்டு இளகும். பளு தூக்கவும் ஓடவும் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை சிறந்தது என்பர். உடற்பயிற்சிக்கான படங்களுக்குத் தில்லையில் குறைவில்லை. கோபுர வாயில்களில் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எந்தக் கரணத்தை எத்தனை மணிக்குச் செய்வது என்ற குறிப்பு ஒன்றிலும் இல்லாதது சிற்பியின் குறை. எனினும் இவ்வட்டாரத்தார் இந்த உச்ச நேரத்தை வீணாக்குவதில்லை. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி நுழைந்ததும், அது நிற்குமுன் கூடவே ஓடுதல், சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தல், பிடித்த இடத்தில் வேறொருவர் துண்டு இருக்கக் காணல், பின்பு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வரை மேல்கம்பியைப் பற்றித் தொங்கல் ஆகிய நான்கும் தோள், தொடை, மணிக்கட்டு, பொறுமை ஆகியவற்றுக்குரிய பயிற்சிகள். கட்டணம் பயணச்சீட்டில் அடங்கும். வெள்ளிக் கடற்கரையில் நடந்து குறைத்ததை அங்கேயே மிளகாய் பஜ்ஜி ஈடுசெய்வதால் அது பயிற்சியாகக் கொள்ளப்படவில்லை.

யாமம். அர்த்தசாமப் பூசைக்குப் பின் நடராசரின் பாதுகைகள் பள்ளியறைக்கு எழுந்தருளும், நடை சாத்தப்படும். கைப்பேசி வைத்திருப்போர்க்கு யாமம் இல்லை.

இறுதியாக, சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர்க்கு மாதிரிக் கணக்கு. இரவு உறக்கம் 6,300 ஓடு. அலுவலகம் 7,200. போக்குவரத்து 2,700. மதியச் சாய்வு 600. நடை 675. தேநீர் மூன்று முறை 675. குளியல், உணவு, சாவி தேடல் 2,025. மறுநாள் தெம்பை எப்படிப் பயன்படுத்துவது என்று அட்டவணை போடல் 1,260. ஆகக் கூடுதல் 21,435 ஓடு. எஞ்சும் 165 ஓடு இந்திய நேரத்துக்குச் சேர வேண்டியது.