கோமாளிக்குச் சான்றிதழ் கேக்கற பேத்திக்கு

ஏங்கண்ணு, அந்தக் கோமாளி கதை எழுதின ராபின் ஹாப் அம்மாவுக்குக் கடுதாசி எழுதறதுன்னு முடிவே பண்ணிப்போட்டயாக்கும். எழுது சாமி, அப்புச்சி தடுக்கமாட்டேன். 'கோமாளி ஆணா, பொண்ணா, ரெண்டுலயும் சேராத ஆளா? அடுத்த பதிப்புக்குள்ள சொல்லிப்போடோணும்'னு மெரட்டியே எழுது. காசு குடுத்து வாங்கறவங்க, சந்தையில மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாத்துத்தான வாங்கோணும்.

ஆனா கடுதாசி யாருக்குப் போகுதுன்னு பாத்துக்க. ராபின் ஹாப்ங்கறது அந்த அம்மாவுக்குப் பெத்தவங்க வெச்ச பேரு இல்ல. நெசப்பேரு மார்கரெட் ஆக்டன். முன்னாடி மேகன் லிண்ட்ஹோம்னு எழுதிட்டிருந்தாங்க. 1995-ல, ஒரு பையன் தன்ற கதையைத் தானே சொல்ற புஸ்தகம் வந்தப்ப, அட்டையைப் பாத்து ஆம்பளையா பொம்பளையான்னு சொல்ல முடியாத பேரா எடுத்துக்கிட்டாங்க. அவியகிட்டயே போயி கோமாளிக்குச் சான்றிதழ் கேக்கறயே, உன்ற தைரியத்தை மெச்சோணும்.

ராத்திரி ராத்திரி நீ சொன்ன கதைதான, மறந்துருமா? ஷ்ரூடு ராசா சபையில வெளுத்த தோலோட குட்டிக்கரணம் போட்ட கோமாளி. அப்பறம் பிங்டவுன் கடைத்தெருவுல ஆம்பர்னு ஒரு மரச்சிற்பக்காரி. அதுக்கும் பொறவு, பட்டும் பவுசுமா கோல்டன் பிரபு. மூணும் ஒரே ஆளுதான். கதை சொல்ற ஃபிட்ஸு 'அவன்'ங்கறான், கப்பல்காரங்க 'அவ'ங்கறாங்க. ஆளு எதையும் மறுக்கறதுமில்ல, எதுக்கும் கையெழுத்துப் போடறதுமில்ல. ஸ்டார்லிங்னு ஒரு பாட்டுக்காரி, அது பொம்பளையேதான்னு அடிச்சுப் பேசறா. ஆம்பரோட பழைய சிநேகிதி ஒருத்தி வந்து வாயை விட்டதும், ஃபிட்ஸு கொதிச்சுப்போயி, நீ யாரு, உண்மையைச் சொல்லுன்னு நிக்கறான். அந்தச் சண்டையில நீ யாரு பக்கம்னு கேட்டேன். கோமாளி பக்கம்னு சொல்லிப்போட்டு மூக்கை உறிஞ்சின. இப்ப அதே கேள்வியை ஒறையில போட்டுத் தபால்தலை ஒட்டற. ஃபிட்ஸாவது வாயில கேட்டதோட விட்டான், பாவம்.

16 புஸ்தகம் எழுதி, 2017 வரைக்கும் அந்த முடிச்சை அவுக்காதவங்க, உன்ற ஒத்தைக் கடுதாசிக்கா அவுக்கப்போறாங்க?

அதுக்காக வாயைக் கட்டிக்கன்னு சொல்லல. புதிரா வெச்சுட்டா எழுதறவங்களுக்கும் நெம்ப வசதிதான், எந்தப் பக்கம் கேட்டாலும் நழுவிக்கலாம். தன்னை மாதிரி ஒரு ஆளைப் புஸ்தகத்துல தேடற புள்ளைக்கு அது பத்தாது. அப்படித் தேடறவங்களுக்கு, வாத்தியாரா இருந்த ரிக் ரியோர்டன் 2016-ல தன்ற கதையில அலெக்ஸ் ஃபியரோவைக் கொண்டாந்தாரு. லோக்கி சாமியோட வாரிசு. வந்து நின்னதுமே, இப்ப நான் பொண்ணு, மாறினா சொல்றேன்னு அந்தப் புள்ள பட்டுனு சொல்லிப்போடுது. உனக்கு அலெக்ஸும் வேணும், கோமாளியும் அலெக்ஸ் மாதிரியே பேசோணும். பேராசை கண்ணு.

கேக்கறதுலயும் ஒரு நெதானம் இருக்குது. அர்சுலா லெ குவின் 1969-ல ஒரு பனி ஒலகத்தை எழுதினாங்க. அங்க யாரும் நெரந்தரமா ஆணுமில்ல, பொண்ணுமில்ல. ராசாவே கர்ப்பமாகற ஊரு, ஆனா எழுதினது பூரா 'அவன்'. உன்ற ஆளுக ஆருன்னு யாரும் கேக்கல. அதைத்தான் நீயே சொல்லிப்போட்டயே, பொறவு எழுத்துல ஏன் எல்லாரும் ஆம்பளையாவே தெரியறாங்கன்னு படிச்சவங்க கேட்டாங்க. 1976-ல அந்தம்மா மசியாம ஒரு கட்டுரை எழுதினாங்க. பத்து வருசத்துக்கும் மேல ஆகி, அந்தக் கட்டுரையை அழிக்காம, கூடவே தன்ற புடிவாதத்தைத் தானே இடிச்சுக் குறிப்புப் போட்டாங்க. அந்தக் கேள்வி வேலை செஞ்சுது.

சரி, நோட்டுல ஒளிச்சு ஒளிச்சு ஒரு டிராகன் கதை எழுதறயே, நீ தூங்கறப்ப எடுத்துப் பாத்தேன். ராசகுமாரன், ராசகுமாரி, மீசை வெச்ச தளபதி. கோமாளி மாதிரி ஒரு ஆளைத் தேடித் தேடிப் பாத்தேன், டிராகன்கூடக் கடுவனாத்தான் இருக்குது. இதுக்கு யாரு பேருக்குக் கடுதாசி போடறது? வெலாசத்தைச் சொல்லு, தபால்தலை நான் வாங்கியாறேன்.