துளசிக்கு ஒரு ஊதா லைட்டு

ஏலே பேராண்டி, ஒன்பதாவது மாடியில உன் வீட்டப் பாத்தேன். ஹால் மூலையில துளசித் தொட்டி, அதுக்கு மேல ஊதா வெளிச்சம். துளசி வச்சிருக்கியா, இல்ல ரெக்கார்டு டான்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கியான்னு ஒரு நிமிசம் தெகச்சுப் போனேன்.

செவப்பும் நீலமும்தான் எலை அதிகமா உறிஞ்சும்னு கடைக்காரன் சொன்னது பொய்யில்ல. வெள்ளை எல்.இ.டி.க்குள்ள அந்த ரெண்டும் இருக்குன்னு சொன்னானா? சொல்லமாட்டான், அவனும் பொழைக்கணும்லா. அட்டையில 6500 கெல்வின்னு போட்ட சாதா பல்பே போதும்லே. எலை மஞ்சளாச்சுன்னாலும் கண்ணுக்குத் தெரியும். உன் ஊதாவுல மாவுப்பூச்சி குடும்பத்தோட குடியேறுனாலும் தெரியாது.

சரி, லைட்டு எங்க? சீலிங்குல. தொட்டி எங்க? தரையில. கேட்டா, "ஹாலே பளபளன்னு இருக்கே தாத்தா"ங்க. இருக்கும்லே, உன் கண்ணுக்கு! வெளிச்சம் கொறஞ்சா கண்ணு பாப்பாவ விரிச்சுச் சமாளிச்சுக்கிடும். எலைக்கு ஏது பாப்பா? உம் மவன் போன வச்சு அளந்து காட்டுனான், தொட்டிகிட்ட 150 லக்ஸ். வெட்டவெளியில உச்சி வெயில் 1,00,000 வரும். அந்த வெயில்ல வளந்தவ, இங்க கணுவுக்குக் கணு நீண்டு, மெலிஞ்சு, சாஞ்சு நிக்கா. நீ "நல்லா வளருது"ன்னு போட்டோ போடுத. வளரலலே, வெளிச்சத்தத் தேடி ஓடுதா.

பல்ப ஒரடிக்கு எறக்கு. ரெண்டடிக்குத் தள்ளுனா வெளிச்சம் பாதியாவும்னு கணக்குப் போடாத, கால்வாசிதான் மிஞ்சும். நாலடின்னா 16-ல ஒரு பங்கு. நீ ஏழடியில தொங்கவிட்டிருக்க, இஞ்சினியரு!

அடுத்த கூத்து, ராத்திரியும் அணைக்கமாட்டேங்க. 12 மணி, மிஞ்சுனா 14 மணி நேரம் போதும். மேசைமேல இருக்க செவ்வந்தி மொட்டே வைக்கலன்னு நர்சரிக்காரன ஏசுதியே, ஓசூர்ப் பக்கம் ஒரு நட போய்ப் பாரு. செவ்வந்தி போட்டவன் ராத்திரி பல்பெரிப்பான். எதுக்கு? பூக்காம இருக்கதுக்கு! ராத்திரி நீளமா இருந்தாத்தான் அது மொட்டெடுக்கும். பண்டிகை வெலைக்குத் தோதாப் பூவத் தள்ளிப்போட அவன் செய்யுத தந்திரம் அது. நீயும் அதே தந்திரத்தச் செஞ்சுட்டு, பூவக் காணோம்ங்க.

மணி பிளான்ட்டுக்கு இந்தச் சீராட்டெல்லாம் வேண்டாம், ஜன்னலோரமாப் போட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும். தண்ணியமட்டும் கொறச்சு ஊத்து. வெளிச்சம் கம்மியான எடத்துல மண்ணு காயாது, வேரு அழுகிரும்.

துளசிய பால்கனிக்குத் தூக்கிட்டுப் போ. துணிக்கொடிய நகத்தணும்னு உன் பொண்டாட்டி சத்தம் போடுவா. தாத்தாதான் சொன்னாருன்னு சொல்லு. சண்டை போடவாவது எனக்கொரு போன் போடட்டும்.